கட்டை கட்டிய பெண்கள்

ஆரணி என்றதும் நமது இல்லத்தரசிகளுக்குப் பட்டுச் சேலைதான் நினைவுக்கு வரும். அதில் பிழை ஒன்றுமில்லை. ஆனால், பங்குனி பிறந்து ஆடி முடிவதற்குள் அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஓர் இரவு தங்க நேர்ந்தால் வேறொரு சங்கதியும் தெரியவரும். திரௌபதி அம்மன் கோயில் திடலில் மிருதங்கமும் முகவீணையும் முழங்க, பொழுது விடியும்வரை பாரதக் கூத்து நடக்கும். தெருக்கூத்து என்று நாம் சொல்வதை அங்குள்ள கலைஞர் பலர் கட்டைக்கூத்து என்றே சொல்ல விரும்புகிறார்கள். கிரீடம், புஜகீர்த்தி, மார்ப்பதக்கம் ஆகிய மர அணிகளுக்குக் 'கட்டை' என்று பெயர். துரியோதனன், கர்ணன் முதலிய வீரர்கள் அவற்றைத் தரித்தே திரைக்குப் பின்னிருந்து ஆர்ப்பரித்து வருவார்கள்.

அந்தக் கட்டை நெடுங்காலம் ஆண்பிள்ளைகளுக்கே உரியதாயிருந்தது. திரௌபதியும் மீசை மழித்த ஆண்பிள்ளைதான்! துகிலுரியப்பட்ட ஒரு பெண் சபை நடுவே கேட்ட கேள்வியை, தலைமுறை தலைமுறையாக ஆண் குரலிலேயே கேட்டு வந்தோம்.

இந்த வழக்கத்தை மாற்றியவர்கள் சில சிறுமிகள். சிறு வயதிலேயே கூத்தாட வந்த ஸ்ரீ பெ. ராஜகோபால், 1990-ல் கட்டைக்கூத்துச் சங்கம் அமைவதற்கு முக்கிய காரணராயிருந்தார். பின்னர் அவரும், டச்சு நாட்டவரும் கூத்து ஆராய்ச்சியாளருமான அவர் மனைவி ஹன்னே டி ப்ரூயினும், காஞ்சீபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் 2002-ல் ஒரு குருகுலம் தொடங்கினார்கள். பள்ளிப் பாடமும் கூத்துப் பயிற்சியும் அங்கே சேர்ந்தே நடந்தன. காஞ்சீபுரம், ஆரணி வட்டாரத்தில் குழந்தைகள் படிப்பை விட்டுப் பட்டுத் தறியில் உழைத்த காலம் வெகு பழையதன்று என்பதை நினைத்தால், இந்த ஏற்பாட்டின் அருமை விளங்கும். அங்கே பெண் குழந்தைகளும் சேர்க்கப்பட்டார்கள்.

1935-ல் அடையாற்றில் ஸ்ரீமதி ருக்மிணி தேவி நாட்டியமாடியதைப் பெரிய துணிச்சல் என்று இன்றும் போற்றுகிறோம், போற்ற வேண்டியதே. ஆயினும் அவருக்குப் பின்னால் பிரம்மஞான சபையே நின்றது. கிராமத்துப் பெண்ணுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள்? 'கூத்தாடி' என்பதை வசவாகவே வைத்திருக்கும் ஊர் அவளுடையது. "நாளைக்கு இவளை யார் கட்டிக்கொள்வார்கள்?" என்று உறவினர் கேட்பார்கள். கனத்த கட்டையுடன் கால் அகற்றி நிற்கவும், சுழன்று குதிக்கவும், தொண்டை திறந்து கடைசி வரிசைவரை எட்டப் பாடவும் வேண்டும். 'அடக்கமாக இரு' என்று பிறந்தது முதல் கேட்டு வளர்ந்தவளுக்கு, தொடையைத் தட்டிச் சூளுரைப்பது லேசான காரியமா? ஸபா நாற்காலியில் சாய்ந்தபடி அபிநயத்தில் குற்றம் காணும் ரஸிக சிகாமணிகள், ஓர் இரவு அந்தத் திடலில் விழித்திருந்து பார்க்கலாம்.

இந்த இளைஞர்களின் மனமும் மூடிக் கிடக்கவில்லை. ஸ்ரீ டி. எம். கிருஷ்ணாவும் ஸ்ரீமதி சங்கீதா சிவகுமாரும் 2017-ல் கர்நாடக ஸங்கீதத்தையும் கட்டைக்கூத்தையும் ஒரே மேடையில் இணைத்தபோது, அந்நியமான அந்த ஸங்கீதத்தோடு சேர்ந்து ஆட இவர்கள் முன்வந்தார்கள். வித்வான்களுக்கு அருகில் நிற்க இவர்கள் கூசவுமில்லை. தங்கள் கூத்தைச் சன்னமாக்கிக்கொள்ளவுமில்லை.

குருகுலம் 2020-ல் மூடப்பட்டது. கூத்துப் பயின்ற பெண்களில் பலருக்குக் கல்யாணத்தோடு மேடையும் முடிந்து போவதுண்டு. புகுந்த வீட்டார் அதில் என்ன நஷ்டம் என்று கேட்கக்கூடும். அப்படி நின்றுவிடாத சிலரும் இருக்கிறார்கள். அவர்கள் பெண்களையே சேர்த்துக் குழு அமைத்து ஆடவும் முற்பட்டிருக்கிறார்கள். ஆரணிப் பக்கம் அவர்களுடைய கூத்து நடக்கும் செய்தி கிடைத்தால் நேயர்கள் குடும்பத்தோடு போய் வரட்டும். ஒரு போர்வையும் கொண்டுபோவது நலம், விடியற்காலைப் பனி பொல்லாதது.