திருகாணிக்கு அஞ்சும் கலைஞர்கள்

மின்கிற்றார் வாசிப்போரிடையே ஒரு கருத்து ஆழ வேரூன்றியுள்ளது. கருவியை வாசிப்பது கலைஞனின் பணி. அதனைத் திறந்து உள்ளே கைவைப்பது வேறொருவனின் பணி என்பதே அக்கருத்து. பிக்கப்பை நானே மாற்றலாமா என ஒருவன் வினவினால், "உனக்கேன் இந்த வேலை? தெரிந்த ஆளிடம் கொடு" என்ற மறுமொழி உடனே கிடைக்கும். வினவியவன் கலைப்பீட மாணவனாயின் மறுமொழியோடு ஒரு சிரிப்பும் சேர்ந்து வரும். அறிவுரைபோலத் தோன்றும் இம்மறுமொழியில் அறிவு சிறிதே உண்டு. சோம்பலும் மேட்டிமையுமே மிகுதி என்பது என் வாதம்.

பிக்கப் என்பது யாது? காந்தமும் அதனைச் சுற்றிய செப்புக்கம்பிச் சுருளுமேயாம். உருக்குத் தந்தி காந்தப்புலத்தினுள் அதிரும்போது சுருளில் மிகச் சிறிய மின்னோட்டம் தூண்டப்படுகின்றது. மைக்கேல் பரடே 1831 இல் கண்டறிந்த இம்மின்தூண்டலைச் சாதாரண தர விஞ்ஞானத்தில் நாம் யாவரும் படித்து, பரீட்சையில் எழுதி, பின் மறந்தோம். ஸ்ராற்றோகாஸ்ரர் வகைப் பிக்கப்பில் 0.06 மில்லிமீற்றர் அளவான கம்பி ஏழாயிரம், எண்ணாயிரம் முறை சுற்றப்பட்டிருக்கும். இதில் மந்திரம் எதுவுமில்லை. அதனை மாற்றுவதென்பது தந்திகளைத் தளர்த்தி, சில திருகாணிகளைக் கழற்றி, இரண்டொரு கம்பிகளைப் பற்றாசு நீக்கிப் புதியவற்றைப் பற்றாசிடுவதே. முன்னிருந்த இணைப்பைத் தாளில் வரைந்துகொள்ளும் பொறுமையுடையவன் ஒரு பிற்பகலில் செய்துமுடிக்கலாம்.

இக்கருவியின் வரலாற்றை நோக்குமிடத்தும் வாசிப்பவன் வேறு, செய்பவன் வேறு என்ற பிரிவினை நிலைபெறுவதாயில்லை. லியோ பென்டர் 1938 இல் கலிபோர்னியாவின் புலர்ட்டன் நகரில் வானொலி திருத்தும் கடை வைத்தவர். கிற்றார் வாசிக்க அவர் ஒருபோதும் கற்றாரில்லை. எனினும் உலகின் வாசிப்பையே மாற்றினார். கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய சேத் லவர், எதிரெதிர்த் திசையில் இயங்கும் இரு சுருள்களை இணைத்து, மின்கம்பிகளிலிருந்து வரும் இரைச்சலை அவை தம்முள்ளே அழித்துக்கொள்ளச் செய்தார். 1955 இல் அவர் விண்ணப்பித்த ஆக்கவுரிமை 1959 இல் கிடைத்தது. மறுபுறம், வாசிப்பவரே செய்பவரான வரலாறும் உண்டு. எடி வான் ஹெலன் மலிவாகக் கிடைத்த உடலையும் கழுத்தையும் பொருத்தி, பழைய கிப்சன் கிற்றாரொன்றிலிருந்து கழற்றிய பிக்கப்பை உருக்கிய மெழுகில் தோய்த்து அதில் இட்டார். சுருளின் கம்பிகள் அசைந்து கீச்சிடுவதை மெழுகு தடுக்கும். 1978 இல் வெளியான முதல் இசைத்தட்டிலேயே உலகம் அதனைக் கேட்டது.

இவர்களினும் எனக்குப் பிறையன் மே முக்கியமானவர். 1963 இல் தந்தையாருடன் சேர்ந்து பழைய அடுப்பங்கரை மரத்திலிருந்து தன் கிற்றாரைச் செதுக்கத் தொடங்கிய அவ்விளைஞர் பிக்கப்புகளையும் தாமே சுற்றினார். தந்தியை இழுத்து வளைக்கையில் அவற்றில் வேண்டாத ஓசையொன்று எழுந்தது. எனவே அவற்றை நீக்கி, பேர்ன்ஸ் நிறுவனத்தின் பிக்கப்புகளை விலைக்கு வாங்கிப் பொருத்தினார். இது தோல்வியன்று. எதனை, எக்காரணத்தால் வாங்குகிறோம் என்பதைத் தெளிவாக அறிந்து வாங்கியவர் அவர். நம்மில் எத்தனை பேர் அவ்வாறு வாங்குகிறோம்?

இவ்விடத்திலே இன்னொரு சாராரையும் எதிர்க்க வேண்டியுள்ளது. புதிய பிக்கப் வந்தால் புதிய கையும் வந்துவிடும் என நம்புவோர் அவர்கள். 1972 இல் டிமார்சியோ தன் மாற்றுப் பிக்கப்பை விற்பனைக்கு விட்டதன்பின் இதற்கெனப் பெருஞ்சந்தையே உருவாயிற்று. இத்தனை கிலோ ஓம் என்ற எண்ணை அச்சந்தை உரத்துக் கூவும். ஆயின் கம்பி மெலிந்தாலும் தடை கூடும். அவ்வெண் மட்டும் ஒலியின் வலிமையையோ தன்மையையோ உரைக்காது. ஒற்றைச்சுருள் பிக்கப்புக்கு வழமையாக 250 கிலோ ஓம் மாறுந்தடையும், இரட்டைச்சுருளுக்கு 500 கிலோ ஓம் மாறுந்தடையும் இடப்படுகின்றன. தடை குறைந்தால் உச்ச ஒலிகள் மங்கும். ஆகவே "என் கிற்றாரின் ஒலி மந்தமாயுள்ளது" என முறையிடுபவனின் குறை பிக்கப்பில் இல்லாது சிறு விலையுள்ள மாறுந்தடையில் இருக்கலாம்; பழைய தந்தியில் இருக்கலாம்; பிக்கப் தந்திக்கு மிக அருகிலோ தொலைவிலோ இருப்பதாலும் இருக்கலாம். பக்கத்துத் திருகாணிகளை அரைச் சுற்றுத் திருப்பிக் கேட்பதற்குச் சல்லிக்காசும் தேவையில்லை.

2022 இல் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை ஏறிய நாடு இது. இங்கே உண்டியற்பணத்தில் இறக்குமதிப் பிக்கப் வாங்க எண்ணும் மாணவனுக்கு இவ்வறிவு பொழுதுபோக்கன்று. மாற்றுவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கும் தகுதியே உள்ளே பார்த்தவனுக்குத்தான் உண்டு. கருவியைத் திறவாதவனுக்காக விளம்பரக்காரன் தீர்மானிக்கிறான்.

மேட்டிமை என முன்னர்க் கூறினேன். அது வெறும் வசையன்று. வாசிப்பது உயர்வு, செய்வதும் திருத்துவதும் தாழ்வு என்ற எண்ணம் நம் சமூகத்திற்குப் புதியதன்று. தோலைப் பதப்படுத்தி மிருதங்கம் செய்வோர் எச்சாதியினர், மேடையில் அதனை வாசித்துப் புகழ்பெற்றோர் பெரும்பாலும் எச்சாதியினர் என்பது யாவரும் அறிந்ததே. ரி. எம். கிருஷ்ணா 2020 இல் வெளியிட்ட 'செபஸ்ரியன் அன்ட் சன்ஸ்' என்ற நூல், செய்வோர் இல்லையேல் அந்நாதம் இல்லை என்பதை விரிவாகக் காட்டுகின்றது. சாதியே அறியாத மின்கருவிக்கும் அதே பிரிவினையை நாம் கொண்டுவந்து ஒட்டுகிறோம். "தெரிந்த ஆளிடம் கொடு" என்பவர் அந்த ஆளின் அறிவை மதிப்பதாகக் கூறுவார். அப்படியாயின் அவ்வறிவில் ஒரு துளியேனும் தமக்கு வேண்டுமென அவர் ஏன் விரும்புவதில்லை?

பழுதாக்கிவிட்டால் என்ன செய்வதென்பது நியாயமான வினா. பற்றாசுக் கோலை மாறுந்தடையின் முதுகில் நெடுநேரம் வைத்தால் அது கெடும். சுருளின் மெல்லிய கம்பி அறுந்தால் நாம் ஒன்றும் செய்வதற்கில்லை. ஆதலால் சுருளைத் தொடாது, அதிலிருந்து வரும் தடித்த கம்பிகளை மட்டுமே தொடவேண்டும். மரத்தைக் குடைந்தாலன்றிப் புதிய பிக்கப் பொருந்தாதாயின் அது மரவேலை கற்றவரின் வேலை. ஐம்பதுகளில் செய்யப்பட்டு இன்றும் கைபடாத கிற்றார் எவரிடமேனும் இருப்பின் அதன் பழைய பற்றாசுக்கூட விலையுண்டு. அதனை அப்படியே விடுக. வால்வு ஒலிபெருக்கியை மட்டும் எக்காரணங்கொண்டும் திறக்கலாகாது. மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரும் அதன் கொள்ளளவிகளில் சில நூறு உவோற்று தங்கியிருந்து ஆளைக் கொல்லவல்லது. மின்கலமும் இல்லாத சாதாரணக் கிற்றாரைச் செருகியிலிருந்து கழற்றிவிட்டால் அதனுள்ளே அத்தகைய ஆபத்து எதுவுமில்லை. இவ்விரண்டையும் ஒன்றாக்கி அச்சுறுத்துவோரின் பேச்சைத்தான் கேட்கக்கூடாது.

கழற்றிய பழைய பிக்கப்பை எறிந்துவிட வேண்டா. ஒரு மாதம் வாசித்தபின் புதியது செவிக்கு ஒவ்வாவிடின் அதனை மீண்டும் இட்டுவிடலாம். வரைந்துவைத்த தாளும் அதே இரண்டொரு பற்றாசுப் புள்ளிகளும் போதும்.