டென்ஷன் ஆகாதே மச்சி!

நம்ம வளாகத்தில் ஒரு நாளைக்கு அதிகம் உச்சரிக்கப்படும் ஆங்கிலச் சொல் எது? 'சார்' என்பதைத் தள்ளிவிட்டால், அது 'டென்ஷன்'தான்! நாளைக்கு வைவா, டென்ஷன். பஸ் இன்னும் வரலை, டென்ஷன். ரூம்மேட் சோப்பை எடுத்துட்டான், செம டென்ஷன். செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயம் போட்டவரும் விலை இறங்கினால் இதையேதான் சொல்கிறார்.

கொஞ்சம் யோசியுங்கள். வைவாவுக்கு வருவது பயம். பஸ்ஸுக்கு வருவது பதற்றம். சோப்புக்கு வருவது கோபம். வெங்காய விலைக்கு வருவது கவலை. நாலுக்கும் தனித்தனியா தமிழில் பேர் இருக்கு. ஆங்கிலத்திலும் இருக்கு. கோபத்தை டென்ஷன் என்று சொல்வது நம்ம ஊர்க் கண்டுபிடிப்பு!

ஏன் இப்படி? என் கருத்து இதுதான்: 'பயமா இருக்கு' என்று சொல்ல நமக்கு வெட்கம். அதிலும் பசங்களுக்கு ரொம்பவே. டென்ஷன் என்றால் கௌரவமாக இருக்கிறது, ஏதோ பெரிய அதிகாரிக்கு வருவது போல. ஆனால் நஷ்டம் நமக்குத்தான். 'எனக்கு அந்த எக்ஸ்பெரிமெண்ட் புரியலைடா, பயமா இருக்கு' என்றால் பக்கத்து ரூம்காரன் நோட்டை எடுத்து உட்காருவான். 'டென்ஷன்டா' என்று சொன்னால், 'டென்ஷன் ஆகாதே மச்சி, வா டீ சாப்பிடலாம்' என்பான். டீ குடித்து வந்த பிறகும் எக்ஸ்பெரிமெண்ட் புரியாமல் அப்படியே கிடக்கும்!

இந்தச் சொல்லை மற்றவர்கள் எப்படியோ பயன்படுத்தட்டும், டிப்ளமோ படிக்கிற நாம் இப்படிப் பயன்படுத்தலாமா? 'இழு, நீட்டு' என்று பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து வந்த சொல் இது. நம்ம பாடத்தில் இழுவிசை. (எச்.டி. லைனில் வரும் டென்ஷன் வேறு, அது மின்னழுத்தம். எலெக்ட்ரிகல் நண்பர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.) மெக்கானிகல் ஆட்களைக் கேளுங்கள்: பெல்ட்டில் டென்ஷன் இல்லாவிட்டால் புல்லி மேல் வழுக்கும், மோட்டார் சும்மா சுற்றும். ரொம்ப அதிகமானால் பேரிங் போகும். டென்ஷனே கூடாது என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை, அளவைத்தான் சொல்கிறது.

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் நம்ம சென்னைப் பையன் குகேஷ் 18 வயதில் உலக செஸ் சாம்பியன் ஆனார். கடைசி 14-வது ஆட்டம். எதிராளி டிங் லிரென் யானையைத் தப்பான கட்டத்தில் வைத்தார். குகேஷ் அதைக் கண்டுபிடித்தார், அவசரப்படாமல் ஆடி முடித்தார். முடித்த பிறகு? தேம்பி அழுதார், உலகமே பார்த்தது. அவருக்கு டென்ஷன் இல்லை என்று யார் சொல்ல முடியும்? உள்ளே அவ்வளவு இழுவிசை இருந்தும் கை நடுங்கவில்லை என்பதுதான் விஷயம்.

இந்த நிதானத்துக்கு ஆங்கிலத்தில் 'அப்ளாம்' என்று ஒரு சொல் உண்டு. பிரெஞ்சிலிருந்து வந்தது. மூலப்பொருள் என்ன தெரியுமா? ஈயக்குண்டின்படி, அதாவது செங்குத்தாக! சிவில் நண்பர்களே, நம்ம கொத்தனார் கையில் இருக்கும் தூக்குக்குண்டேதான். அந்த நூல் நேராக நிற்பது எதனால்? குண்டு கீழே இழுப்பதால், அதாவது டென்ஷனால். குண்டைக் கழற்றிவிட்டால் நூல் காற்றில் பறக்கும்.

குண்டை இறக்கியவுடனே எந்தக் கொத்தனாரும் சுவரைப் பார்ப்பதில்லை, அது ஆடி நிற்கட்டும் என்று காத்திருப்பார். எனவே வைவா எடுக்க வரும் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முதல் கேள்வியைக் கேட்டுவிட்டு அரை நிமிஷம் பொறுங்கள் சார்.