கண்ணில் மின்னல் வெட்டினால்...

(நலம் நாடி: வாசகியர் கேள்வி)

கேள்வி: எனக்கு வயது 38. சிறு வயது முதலே கிட்டப்பார்வை. இப்போது மைனஸ் 9 கண்ணாடி போடுகிறேன். நாலு நாளாக வலது கண்ணின் ஓரத்தில் மின்னல் வெட்டுகிறது. கொசு பறப்பது போல் கரும்புள்ளிகளும் தெரிகின்றன. வலி இல்லை. மாமி, 'பித்தம்' என்கிறார். கணவர் கடலுக்குப் போயிருக்கிறார். அவர் வந்ததும் டாக்டரிடம் போகலாமா?
- ஒரு சகோதரி, உடப்பு

பதில்: காத்திருக்கக் கூடாது, சகோதரி. உங்கள் கடிதம் கண்டதும் தொலைபேசியிலும் இதைத்தான் சொன்னோம். மற்ற சகோதரிகளுக்கும் பயன்படுமே என்று இங்கே விளக்குகிறோம்.

மைனஸ் 6-க்கு மேல் போனால் அது கடுமையான கிட்டப்பார்வை. சாதாரணக் கண்ணின் நீளம் ஏறத்தாழ 24 மில்லிமீட்டர். இவர்களுக்கு அது பெரும்பாலும் 26-ஐத் தாண்டிவிடும். கண் நீளும்போது உள்ளே ஒட்டியிருக்கும் விழித்திரையும் இழுபட்டு மெலிகிறது. நைந்த துணி போல் ஓரிடத்தில் கிழியலாம். கிழிசல் வழியே நீர் புகுந்தால் விழித்திரை உரிந்துவிடும். இதில் வலியே இருக்காது. அதனால்தான் பலரும் ஏமாந்து போகிறார்கள்.

மின்னல் வெட்டு, திடீரெனப் பெருகும் கரும்புள்ளிகள், ஓரத்திலிருந்து திரை இறங்குவது போன்ற நிழல்: இம்மூன்றில் ஒன்று வந்தாலும் அன்றே காட்ட வேண்டும்.

சிலாபம் அல்லது புத்தளம் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய் விவரம் சொல்லுங்கள். தேவையானால் கொழும்பு தேசிய கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். அங்கும் சிகிச்சை இலவசம்தான். கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து விட்டுப் பார்ப்பார்கள். சில மணி நேரம் பார்வை மங்கும். துணைக்கு உம்மாவோ ராத்தாவோ வந்தால் போதும்.

கிழிசல் மட்டும் என்றால் அதைச் சுற்றி லேசர் வைத்து அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். உரிந்துவிட்டால் அறுவை சிகிச்சைதான். நடுப்பார்வைப் பகுதி உரியுமுன் செய்தால் பார்வை பெரும்பாலும் தப்பிவிடும். 1920-களில் சுவிட்சர்லாந்து டாக்டர் ஜூல் கோனன் கிழிசலை அடைக்கும் வழியைக் காட்டும்வரை, இந்நோய் பெரும்பாலும் குருட்டில்தான் முடிந்தது.

கண்ணுக்குள் வாயு நிரப்பினால், டாக்டர் சொன்னபடியே தலையை வைத்திருக்க வேண்டும். நோயாளி உட்கார்ந்து சைகையால் தொழ மார்க்கத்தில் இடம் உண்டு. வாயு கரையும்வரை விமானம் ஏறக் கூடாது. உம்ராவுக்கு டிக்கெட் எடுத்திருந்தாலும் தள்ளிவையுங்கள்.

கண்ணாடியைக் கழற்ற லேசர் செய்துகொண்டவர்களுக்கும் இந்த ஆபத்து நீங்காது. கண்ணின் நீளம் குறைவதில்லையே! மைனஸ் 6 தாண்டியவர்கள் வருடம் ஒருமுறை விழித்திரையைக் காட்டுங்கள். வீட்டில் ஒரு கண்ணை மூடி ஜன்னல் கம்பியைப் பாருங்கள். கம்பி வளைந்து தெரிந்தால் அதுவும் எச்சரிக்கைதான்.