டம்ளர் தண்ணி பழுப்பாகும் 'வித்தை': மெஷின் வாங்கும் முன் உஷார்!

சென்னை: பக்கெட்டில் வெள்ளைக் கறை. எவ்வளவு தேய்த்தாலும் சோப்பு நுரைப்பதில்லை. வெந்நீர் பாத்திரத்தின் அடியில் சுண்ணாம்பு அடித்தது போல் ஒட்டிக் கிடக்கிறது. போர் தண்ணியை நம்பி இருக்கும் புறநகர் வீடுகளில் இது தினசரி புலம்பல். இந்தப் புலம்பலைக் காசாக்க ஒரு கூட்டம் வீடு வீடாக ஏறி இறங்குகிறது.

பேனா மாதிரி ஒரு மீட்டரை தண்ணீரில் விடுவார்கள். 700, 800 என்று நம்பர் ஓடும். அடுத்து, கரண்ட் கம்பி வைத்த கருவியை டம்ளருக்குள் இறக்குவார்கள். கொஞ்ச நேரத்தில் தண்ணி சாக்கடை மாதிரி ஆகிவிடும். "இதையா குழந்தைக்குக் குடுக்குறீங்க?" என்று ஒரு கேள்வி. அவ்வளவுதான், தவணையில் மெஷின் வீட்டுக்குள் வந்துவிடும்.

அந்தப் பழுப்பு, தண்ணீரில் இருந்த அழுக்கு அல்ல. கருவியின் இரும்புக் கம்பி கரண்டில் அரித்துக் கரைந்த துரு! தண்ணீரில் உப்பு இருந்தால் கரண்ட் நன்றாகப் பாயும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு குறைவு, அதனால் நிறம் மாறாது. நல்ல கிணற்றுத் தண்ணியை வைத்தாலும் பழுப்பாகத்தான் செய்யும். மீட்டர் காட்டுவதும் மொத்த உப்பைத்தான். சோப்போடு மல்லுக்கு நிற்பதோ அதில் உள்ள கால்சியம், மெக்னீசியம் மட்டும்.

இந்திய தர நிர்ணய அமைப்பின் கணக்குப்படி குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லி கிராம் வரை இருக்கலாம். வேறு தண்ணிக்கு வழியில்லை என்றால் 600 வரை அனுமதி உண்டு. ஆக, 200, 250 உள்ள வீட்டில் அடி வாங்குவது பாத்திரமும் சோப்புச் செலவும்தான். கிருமி, சாக்கடை கலப்பு எல்லாம் வேறு விஷயம். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வுக்கூடத்தில் கட்டணம் கட்டி சோதித்தால் எல்லாம் தெரிந்துவிடும்.

கொதிக்க வைத்து ஆறவிட்டால் சுண்ணாம்பில் ஒரு பகுதி அடியில் தங்கும். மேலாகத் தெளிய எடுத்துக்கொள்ளலாம். படிகாரம் போடுவது வீண். அது கலங்கலைத்தான் இறக்கும். துணிக்கு பார் சோப்பை விட பவுடர் மேல், கூட கொஞ்சம் சலவை சோடா. பாத்திரக் கறைக்கு எலுமிச்சையோ வினிகரோ போதும்.

வாயில் வைக்க முடியாத அளவு கரித்தால் மட்டும் ஆர்.ஓ. பற்றி யோசிக்கலாம். அதிலும் ஒரு லிட்டர் பிடிக்க, இரண்டு மூன்று லிட்டர் கழிவாகப் போகும். தண்ணிக்கு வரிசையில் நிற்கும் ஊரில் இது கொடுமை!

2003-ல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்புத் தொட்டி பல வீடுகளில் மண் மூடிக் கிடக்கிறது. தூர்வாரினால் போர் தண்ணியின் உப்பு தணிய வாய்ப்புண்டு. அந்தச் செலவு மெஷினின் ஒரு தவணைக்குள் முடிந்துவிடும்.