கோல் அடித்தவரும் கற்றுக்கொடுத்தவரும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

பந்து வலைக்குள் விழுந்ததும் மைதானமே எழுந்து நிற்கிறது. அடித்தவன் பெயர் அன்றிரவே தெருவெல்லாம் பரவுகிறது. அவன் காலுக்கு அந்த வித்தையைப் பழக்கியவர் யார் என்று கேட்போர் நம்மில் எத்தனை பேர்? இந்தக் கேள்வியை எனக்குள் எழுப்பியது ஒரு தமிழரின் கால்பந்து வாழ்க்கை.

அவர் பெயர் சைமன் சுந்தரராஜ். 1960-ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் இந்திய அணியின் முன்கள ஆட்டக்காரர். அந்த அணி ஹங்கேரியிடம் 1-2 என்று தோற்றது; பிரான்சுடன் 1-1 என்று சமன் செய்தது; பெருவிடம் 1-3 என்று தோற்றது.  அதன்பின் இந்தியா ஒலிம்பிக் கால்பந்தில் ஆடவே இல்லை. ஆகவே, ஒலிம்பிக் கால்பந்தில் ஆடிய கடைசி இந்திய அணியில் இந்தத் தமிழரும் இருந்தார்!

ஆயினும், அவருடைய இன்னொரு சாதனையையே நான் பெரிதென்பேன். 1941 முதல் நடந்துவரும் சந்தோஷ் கோப்பையைக் கேரளம் முதன்முதலாக வென்றது 1973-இல். எர்ணாகுளத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் ரயில்வே அணியை 3-2 என்று வீழ்த்தியது. மூன்று கோல்களையும் அடித்தவர் அணித்தலைவர் மணி. அந்த அணிக்குப் பயிற்சியாளர் நம் சுந்தரராஜ். அதன்பின் கேரளம் பலமுறை அக்கோப்பையை வென்றுவிட்டது. தமிழ்நாடோ ஒருமுறைகூட வென்றதில்லை. காரணங்கள் பல இருக்கலாம். ஆனால், கற்றுக்கொடுக்கத் தமிழரில் ஆளில்லை என்று மட்டும் சொல்ல முடியாதல்லவா?

“கோல் அடித்தவர் மணிதானே, பயிற்சியாளர் வெளியேதானே நின்றார்?” என்று நண்பர்கள் கேட்கலாம். உண்மை, மணியின் புகழில் எவரும் பங்கு கேட்க வேண்டாம். ஆனால், வென்று பழகாத அணிக்கு ‘நம்மாலும் முடியும்’ என்று காட்ட, பெரிய களம் கண்ட ஒருவர் வேண்டும். ரோம் அணியின் தலைவர் பி.கே. பானர்ஜியும் பின்னாளில் பயிற்சியாளரானார். ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் அணிகளுக்கு அவர் பயிற்சியளித்த காலத்தைக் கல்கத்தா இன்றும் பேசுகிறது. சுந்தரராஜின் பெயரை நம் வகுப்பில் கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கே சென்ற ஆண்டுதான் தெரியும். புகழ் என்பது திறமையை மட்டும் பொறுத்ததன்று. நினைவில் வைத்திருக்கும் ஊரையும் பொறுத்தது.

என் கதையும் இதில் சிறிது உண்டு. தாமிரபரணிக் கரையில் ஒரு சிற்றூர் எங்களுடையது. அம்மா பீடி சுற்றுகிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். பிசான அறுப்பு முடிந்த வயல்தான் எங்களுக்கு மைதானம். மூட்டை தூக்கும் அண்ணாச்சி ஒருவர் மாலையில் வந்து பந்தாடக் கற்றுக்கொடுப்பார். “நீ அடிக்கலைன்னா என்னலே, பக்கத்துல நிக்கவனுக்குக் குடு” என்பார். பத்தாம் வகுப்போடு என்னை வேலைக்கு அனுப்ப நினைத்தபோது, வீட்டு வாசலில் வந்து நின்று, “பையன் படிக்கட்டும் தாயி” என்று அம்மாவிடம் பேசியவரும் அவரே. நாங்கள் வட்டப் போட்டியில் கோப்பை வாங்கிய அன்று மேடையில் எங்கள் பெயர்களை வாசித்தார்கள். அவரோ கூட்டத்தின் கடைசியில், தோளில் துண்டோடு நின்று கைதட்டினார். அவரை மேடைக்கு அழைக்க வேண்டும் என்று எனக்கும் அன்று தோன்றவில்லை. அந்த வெட்கம் இன்னும் என்னை விடவில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். நம் கல்லூரி விளையாட்டு விழாவில் பரிசு பெறும் ஒவ்வொருவரும், தமக்கு முதன்முதலில் கற்றுக்கொடுத்தவர் பெயரையும் எழுதித் தரட்டும்; அதையும் சேர்த்து மேடையில் வாசிக்கட்டும். செலவில்லாத காரியம் இது. பட்டம் பெற்றுப் போகும் நாமும் விடுமுறை மாலைகளில் நம் ஊர்ச் சிறுவர்களுக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுப்போம், நண்பர்களே!

இவ்வாண்டு நான் எழுதித் தரப்போகும் பெயர் எங்கள் அண்ணாச்சியுடையது.