பெயின்ட் அடிச்சா லேத் புதுசாயிடுமா?

லேத்துன்னதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? ஃபர்ஸ்ட் இயர் ஒர்க்‌ஷாப், காக்கி சட்டை, ஃபேசிங், ஸ்டெப் டர்னிங், ரெக்கார்டு நோட். அவ்வளவுதான். செமஸ்டர் முடிஞ்சா அந்தப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்க மாட்டோம்.

ஆனா இங்கிலாந்துல ஒரு கூட்டம் இருக்கு. பழைய லேத்தை வாங்கி கார் ஷெட்டுல போட்டு, சனி ஞாயிறு முழுக்க அதோட மல்லுக்கட்டுறாங்க. சம்பாதிக்க இல்ல பாஸ், ஹாபி! குட்டி நீராவி எஞ்சின் செய்யற இந்த ஆளுங்களுக்காகவே ‘மாடல் இன்ஜினியர்’னு ஒரு பத்திரிகையை 1898-லயே ஆரம்பிச்சுட்டாங்கன்னா பாத்துக்கங்க.

இவங்களோட செல்லப்பிள்ளை மைஃபோர்டு எம்.எல்.7. நாட்டிங்ஹாம் பக்கத்துல பீஸ்டன்ங்கற ஊர்ல 1946-ல பிறந்த குட்டி லேத். சென்டர் உயரம் மூன்றரை இன்ச்தான். பீஸ்டன் ஆலையை 2011-ல மூடிட்டாங்க. ஆனா அங்கேயிருந்து வந்த மெஷின்கள் இன்னமும் ஷெட் ஷெட்டா சுத்திட்டிருக்கு.

பழைய லேத் கைக்கு வந்ததும் நிறைய பேருக்கு முதல்ல கை துறுதுறுங்கறது பெயின்ட் டப்பா மேலதான். மேலே பளபளன்னு ஆயிடும். ஜாப் போட்டுப் பார்த்தா ஒரு முனை தடிமன், மறுமுனை ஒல்லி. ஏன்னா லேத்தோட உயிர் பெட்டுல இருக்கு. கேரேஜ் அதுமேல நேர்கோட்டுல ஓடினாதான் ஜாப் சிலிண்டரா வரும்.

நாம போடற ஜாப் பெரும்பாலும் சின்னது. அதனால கேரேஜ் முக்கால்வாசி நேரம் சக்குக்குப் பக்கத்துலயே போய் வரும். அந்த இடம்தான் தேயும். டெயில்ஸ்டாக் பக்கம் அவ்வளவா தேயாது. இதைக் கண்டுபிடிக்க ஒரு ஈசி டெஸ்ட் இருக்கு. சக் பக்கத்துல கேரேஜ் ஆடாம, ஆனா ஓடற மாதிரி ஜிப் ஸ்குரூவை டைட் பண்ணுங்க. அப்படியே டெயில்ஸ்டாக் பக்கம் நகர்த்துங்க. போகப் போக இறுகி நின்னா, சக் பக்கம் பெட் தேஞ்சிருக்குன்னு அர்த்தம்.

டேப்பர் வந்தாலே பெட் போச்சுன்னு முடிவு கட்டிடக் கூடாது. பெட்டுங்கறது நீளமான வார்ப்பிரும்பு. கோணலான மேஜையில போல்ட் போட்டு இறுக்கினா அதுவும் லேசா முறுக்கிக்கும். நம்ப முடியலையா? ஒரு கம்பியில இந்த முனையில ஒரு காலர், அந்த முனையில ஒரு காலர் விடுங்க. டெயில்ஸ்டாக் சப்போர்ட் இல்லாம சக்குல பிடிச்சு, கிராஸ் ஸ்லைடைத் தொடாம ரெண்டையும் ஒரே செட்டிங்ல மெல்லிசா கடைங்க. மைக்ரோமீட்டர்ல அளந்து பாருங்க. வித்தியாசம் வந்தா, டெயில்ஸ்டாக் பக்கத்துக் கால் போல்ட்டைத் தளர்த்தி, அடியில மெல்லிசா ஒரு ஷிம் வெச்சு மறுபடி கடைங்க. சில லேத்துக்கு வைத்தியமே இந்தத் துண்டுத் தகடுதான்!

அடுத்தது ஸ்பிண்டில். எம்.எல்.7-ல பால் பேரிங் கிடையாது, ஒயிட் மெட்டல் பேரிங். அதோட மூடிக்கு அடியில அடுக்கடுக்கா ஒட்டின ஷிம் இருக்கும். பேரிங் தேஞ்சு ஸ்பிண்டில் ஆட ஆரம்பிச்சா, வெங்காயத் தோல் மாதிரி ஒரு அடுக்கை உரிச்சுட்டு மூடியை மாட்டினா போதும், ஆட்டம் குறைஞ்சிடும். ரிப்பேருக்கான வழியை 1946-லயே உள்ளே வெச்சுக் கொடுத்திருக்காங்க.

சரி, பெட் நிஜமாவே தேஞ்சிருந்தா? இங்கேதான் ஹாபிக்காரங்க மூளை வேலை செய்யுது. இந்த பெட்டுல முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணுன்னு ரெண்டு தட்டையான தடம். ஒரிஜினல் டிசைன்ல சேடில் பக்கவாட்டுல ஆடாம பிடிச்சுக்கறது முன்தடத்தோட ரெண்டு பக்கச் சுவரை மட்டும்தான். பின்தடத்தோட பின்சுவரை அது தொடறதே இல்ல. எத்தனை வருஷம் ஓடினாலும் அந்தச் சுவர் தேயாம அப்படியே இருக்கும். சேடில்ல ஒரு பட்டையைப் பொருத்தி அந்தச் சுவரைப் பிடிச்சுக்கிட்டு ஓட வெச்சா, அதே பெட்டுல புது வழி கிடைச்சாச்சு!

மேல்பரப்பு குழிஞ்சிருந்தா ஸ்கிரேப்பிங்தான். நல்ல சர்ஃபேஸ் பிளேட்டுல நீலம் தடவி, பாகத்தை அதுமேல தேய்ச்சா மேடான இடத்துல நீலம் ஒட்டும். அந்த மேட்டை மட்டும் கையால சுரண்டணும். மறுபடி நீலம், மறுபடி சுரண்டல். அந்த சர்ஃபேஸ் பிளேட்டை யார் தட்டையாக்கினாங்கன்னு கேக்கறீங்களா? ஜோசப் விட்வொர்த் 1840-ல விளக்கின வழி இது: மூணு பிளேட்டை மாத்தி மாத்தி ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டுச் சுரண்டறது. ரெண்டு பிளேட் பத்தாது. ஒண்ணு குழிஞ்சு, இன்னொண்ணு புடைச்சிருந்தாலும் ரெண்டும் கச்சிதமா பொருந்திடும், நாம ஏமாந்துடுவோம். மூணும் எப்படி மாத்தி வெச்சாலும் பொருந்தினா மூணும் தட்டைதான்.

ஆர்வக் கோளாறுல சிலதை மட்டும் செஞ்சிடாதீங்க. துரு எடுக்கறேன்னு பெட்டுல கிரைண்டர் வைக்காதீங்க, இருக்கற துல்லியமும் போயிடும். பழைய பெயின்ட்டுல ஈயம் இருக்கலாம், அதனால காய்ஞ்ச நிலையில தேய்க்கவே கூடாது. சலவை சோடாத் தண்ணியில கரன்ட் விட்டு துரு எடுக்கறப்ப, பாசிட்டிவ் பக்கம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேண்டாம், விஷமான குரோமியம் உப்பு உண்டாகும். ஹைட்ரஜன் வேற வரும், ஜன்னலைத் திறந்து வைங்க.

எங்கேயாவது ஒர்க்‌ஷாப் மூலையில பழைய லேத் ஒண்ணு கண்டம்னு எழுதி ஓரங்கட்டப்பட்டுக் கிடந்தா, அது எடைக்குப் போறதுக்கு முன்னாடி இன்ஸ்ட்ரக்டர்கிட்ட கேட்டுட்டு அந்த ரெண்டு காலர் டெஸ்ட்டை மட்டும் போட்டுப் பாருங்க. நிஜமாவே செத்துப்போன லேத்துன்னா போகட்டும், பரவாயில்ல. வெறும் முறுக்கல்தான்னா, காப்பாத்த ஒரு துண்டுத் தகடு போதும். அளந்து பார்க்காம எடைக்குப் போட்டுட்டா, எது என்னன்னு கடைசி வரைக்கும் தெரியாது மக்கா!