கரணையும் குளோன்தான்! தாய்க்கரும்பு யார் கையில்?



'குளோனிங்' என்றதும் 1996-ல் ஸ்காட்லாந்தில் பிறந்த டாலி ஆடுதான் ஞாபகம் வரும். ஆனால் உத்திரமேரூர் வட்டாரத்தில் கரும்பு நடுகிற நாம் தலைமுறை தலைமுறையாகச் செய்வதும் அதுதான். கரணைப் பருவில் முளைப்பது தாய்க்கரும்பின் அச்சு அசல் நகல். வாழையின் பக்கக்கன்றும் அப்படியே. கண்ணாடிக் குடுவையில் வளர்க்கிற திசு வளர்ப்புக் கன்றும் அதே வேலைதான். மரபணு மாற்றம் வேறு, இது வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்க வேண்டாம்.

அப்போ ஆபத்து எங்கே? நல்லதும் நகல், கெட்டதும் நகல். ஒன்றைச் சாய்க்கிற நோய் அத்தனையையும் சாய்க்கும். அயர்லாந்து ஏழைகள் பெரும்பாலும் ஒரே ரக உருளைக்கிழங்கை நம்பியிருந்தார்கள். 1845-ல் கருகல் நோய் வந்தது. தொடர்ந்த பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள். நம்ம பக்கம் சர்க்கரைச் சத்தில் கொடிகட்டிப் பறந்த கோ.சி. 671 ரகமும் செவ்வழுகல் நோயில் படுத்தது. கரும்பைப் பிளந்தால் உள்ளே சிவப்பு, குறுக்கே வெள்ளைத் திட்டு, புளிச்ச சாராய வாடை. இந்த நோய் கரணை வழியாகவே அடுத்த வயலுக்குப் போகும். பிறகு வந்த கோ 86032 தமிழ்நாட்டுக் கரும்பு வயல்களில் பெரும்பகுதியைப் பிடித்தது. மறுபடியும் ஊரே ஒரே ரகத்தை நம்பி நிற்கலாமா?

இன்னொரு ஆபத்து, உரிமை. 2019-ல் குஜராத்தில், தன் உருளைக்கிழங்கு ரகத்தை அனுமதியில்லாமல் பயிரிட்டதாகச் சிறு விவசாயிகள் மேல் பெப்சி கம்பெனி ஆளுக்கு ஒரு கோடிக்கு மேல் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டது. நாடு முழுக்க எதிர்ப்புக் கிளம்பியதும் வாபஸ் வாங்கியது. 2001-ம் ஆண்டு பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம் என்ன சொல்கிறது? பதிவு செய்த ரகமானாலும் விதையைச் சேமிக்கலாம், மறுபடி நடலாம், பகிரலாம், விற்கலாம். கம்பெனி முத்திரை போட்டு மட்டும் விற்கக்கூடாது. சொன்ன விளைச்சல் தராவிட்டால் இழப்பீடும் கேட்கலாம். கரணையும் கிழங்கும் இந்தச் சட்டப்படி விதைதான்!

ஆகவே கேட்கிறோம்:

1. கிராமந்தோறும் நோயில்லாத விதைக்கரும்பு நாற்றங்கால் அமைத்திடு!

2. ஒரே ரகத்தைத் திணிக்காதே! பல ரகக் கரும்பையும் ஆலைகள் பதிவு செய்யட்டும்!

3. திசு வளர்ப்புக் கன்று விற்பவர் ரக விவரமும் நோய்ச் சோதனைச் சான்றும் ரசீதோடு தரவேண்டும்!

4. நாற்று பொய்த்தால் உழவனை அலையவிடாதே! உடனே இழப்பீடு கொடு!

குடவோலை போட்டு ஆள் எடுத்து, ஏரிக்கே வாரியம் வைத்து ஆண்ட ஊர் உத்திரமேரூர். ஏரித் தண்ணீருக்குக் கணக்குக் கேட்ட மண், கரணைக்கும் கேட்கும்.

திரண்டு வாருங்கள்! விதை நமது உரிமை!